மெட்டாலிக் வாட்டர்கலரில் கேலிகிராஃபி: கேக்கை நனைப்பதிலிருந்து கவரை அடுக்குவது வரை

கறுப்பு அட்டையில் தங்க நிறத்தில் ஒரு பெயரைத் தமிழில் சுத்தமாக எழுதி முடிப்பதுதான் இங்கே நம் வேலை. அதைச் செய்யத் தெரிந்துவிட்டால் கல்யாணக் கவர், மேஜையில் வைக்கும் பெயர் அட்டை, வாழ்த்து அட்டை எல்லாமே அதே வேலைதான்.

தொட்டு எழுதும் நிப்பில் சாதா இங்க்கைக் கொஞ்ச நாளாவது பழகியவர்களை மனதில் வைத்து எழுதுகிறேன். நிப்பையே இதுவரை பிடிக்காதவர்கள் முதலில் ஒரு வாரம் இங்க்கில் கோடு இழுத்துவிட்டு வாருங்கள். இரண்டையும் ஒரே நாளில் தொடங்கினால், தவறு கையிலா பெயின்டிலா என்றே தெரியாது.

வகுப்பில் நான் பார்த்தவரை, எழுத வரவில்லை என்றால் எல்லோரும் முதலில் நிப்பைத் திட்டுவார்கள், அப்புறம் தாளை. பெரும்பாலும் குற்றவாளி பெயின்டின் பதம். அதனால் கீழே தண்ணீரைப் பற்றித்தான் அதிகம் இருக்கும்.

1. எடுத்து வைக்க வேண்டியவை

மெட்டாலிக் வாட்டர்கலர் கேக் (தண்ணீர் விட்டு இளக்கும், காய்ந்த பெயின்ட் கட்டி) ஒரு செட். ஜெர்மனியின் கோலிரோ (முன்பு ஃபைன்டெக் என்ற பெயரில் வந்தது), ஜப்பானின் குரெடாகே ஸ்டாரி கலர்ஸ் இரண்டும் கேலிகிராஃபி எழுதுபவர்களிடம் அதிகம் புழங்குபவை. ஸ்டாரி கலர்ஸ் செட்டில் இருக்கும் 6 நிறங்களும் தங்கத்தின் சாயல்கள்தான். முதல்முறைக்கு அதுவே தாராளம். உண்மையைச் சொன்னால் ஒரே ஒரு தங்க நிறக் கேக் போதும்.

இந்தக் கேக்குகளில் தங்கம் கிடையாது. மைக்கா என்னும் மினுமினுக்கும் கனிமத்தின் மெல்லிய செதில்கள் மேல் டைட்டானியம் டை ஆக்சைடோ இரும்பு ஆக்சைடோ பூசியிருப்பார்கள். அதைக் கம் அராபிக் என்னும் பிசின் பிடித்து வைத்திருக்கிறது. இதை ஏன் சொல்கிறேன் என்றால், செதில்கள் கனமானவை, தண்ணீரில் அடியில் தங்கிவிடும். பின்னால் வரப்போகிற தொல்லைகளில் பாதிக்கு இதுதான் காரணம்.

ரெசின் வேலைக்கென்று விற்கும் மைக்கா பவுடரை வாங்கிப் பிசினில் குழைத்தும் எழுதலாம், சிலர் எழுதுகிறார்கள். ஆனால் அதில் பல ரகம் பெரிய துகளாக இருக்கும். நிப்பின் பிளவில் போய் உட்கார்ந்துகொள்ளும். தொடக்கத்தில் அந்தச் சிக்கனம் வேண்டாம்.

நிப் என்றால் நிக்கோ ஜி அல்லது ஜீப்ரா ஜி. இரண்டும் கொஞ்சம் விறைப்பானவை, பிளவு சட்டென்று விரியாது. கில்லட் 303 போன்ற மெல்லிய, நன்றாக வளையும் நிப்பில் அழகான கோடு வரும்தான். இந்தக் கனமான பெயின்ட் அதில் அடிக்கடி அடைத்துக்கொள்ளும். பட்டை நிப்பில் எழுதுபவர்களுக்கு 2 மில்லிமீட்டர் அகலம் வசதி.

பழைய சிந்தெடிக் பிரஷ் ஒன்று, 2 அல்லது 4 எண். எழுதுவதற்கு அல்ல, நிப்பில் பெயின்ட் ஏற்ற. நல்ல பிரஷை இதற்குக் கொடுக்காதீர்கள். மயிரிடுக்கில் மினுக்கு தங்கிவிடும், அடுத்து நீங்கள் வரையும் கடலிலும் வானத்திலும் தங்கத் துகள் மிதக்கும்.

இரண்டு டம்ளர் தண்ணீர், ஒன்று கழுவ, ஒன்று கலக்க. ஒரு சொட்டுக்குழாய், பஞ்சு நூல் விடாத பழைய துணி, சின்னப் பீங்கான் தட்டு. உப்புத் தண்ணீர் வரும் ஊர் என்றால் கலக்குவதற்கு மட்டும் ஆர்.ஓ. தண்ணீர் எடுத்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்று: ஃபவுன்டன் பேனாவில் இந்தப் பெயின்டை ஊற்றவே கூடாது. ‘கொஞ்சம் நீர்க்கக் கரைத்து ஊற்றினால் போகாதா’ என்று ஒவ்வொரு தடவையும் ஒருவர் கேட்பார். போகாது. உள்ளே செதில்கள் தங்கிப் பிசின் காய்ந்துவிட்டால் பேனா அவ்வளவுதான்.

2. தாளைத் தேர்ந்தெடுத்தல்

தாள் வழவழப்பாக, ஆனால் பளபளப்பாக இல்லாமல் இருக்க வேண்டும். சொரசொரப்பான தாளில் மேல் நோக்கிப் போகும் மெல்லிய கோட்டில் நிப் மாட்டி, சுற்றிலும் தங்கத்தைத் தெறிக்கும். பளபளப்புப் பூச்சுள்ள அட்டையில் பெயின்ட் ஒட்டாமல் மேலேயே மிதந்து, காய்ந்ததும் விரலோடு வந்துவிடும்.

கான்சன் மி-தான்த் போன்ற தாள்களுக்கு ஒரு பக்கம் தேன்கூடு மாதிரி புள்ளி புள்ளியாகவும் மறுபக்கம் சற்று வழவழப்பாகவும் இருக்கும். வழவழப்பான பக்கத்தில் எழுதுங்கள். கடைக்குப் போய் எடுப்பதென்றால் தாளின் மேல் விரல் நகத்தை லேசாக ஓட்டிப் பாருங்கள். நகத்துக்கே தட்டுப்படுகிறது என்றால் நிப்புக்கும் தட்டுப்படும்.

நிறத்தையும் கவனியுங்கள். கறுப்பு, கரும்பச்சை, கருநீலம், அடர் அரக்கு ஆகியவற்றில் தங்கம் துள்ளி எழும். வெள்ளைத் தாளில் வெளிர்த் தங்கம் கடுகுக் கறை மாதிரித்தான் தெரியும். வெள்ளையில் எழுதியே ஆக வேண்டும் என்றால் செம்பு, வெண்கலம், அடர் தங்கம் பக்கம் போங்கள். கேக்கில் வெள்ளையாகத் தெரிந்து கோணம் மாறினால் நீலமாகவோ ஊதாவாகவோ மின்னும் நிறங்களைக் கறுப்புக்கென்றே ஒதுக்கி வையுங்கள். வெள்ளையில் அவை கண்ணுக்கே தட்டுப்படாது.

3. முதல் வேலை: கேக்கை நனைத்துவிட்டு விலகிப் போங்கள்

மேஜையில் எல்லாம் தயாரானதும் கேக்கின் மேல் 3 அல்லது 4 சொட்டுத் தண்ணீர் விடுங்கள். விட்டுவிட்டு வேறு வேலை பாருங்கள். 5 நிமிடமாவது, புதுக் கேக் என்றால் 10 நிமிடம்.

காய்ந்த பிசின் உடனே கரையாது. அவசரப்பட்டுப் பிரஷால் தேய்த்தால் மேல் பூச்சு மட்டும் கரைந்து, மினுக்குக் குறைவான மஞ்சள் தண்ணீர்தான் வரும். ‘இவ்வளவு காசு கொடுத்து வாங்கியதில் பளபளப்பே இல்லையே’ என்பது அந்த இடத்தில் எழும் குரல். ஊறிய கேக்கின் மேல்பரப்பு இளகிய வெண்ணெய் மாதிரி பிரஷுக்கு வழிவிடும்.

ஊறும் நேரம் வீணாகாது. அடுத்த இரண்டு வேலைகளையும் அதற்குள் முடித்துவிடலாம்.

4. ஊறும் நேரத்தில்: நிப்பின் எண்ணெயைப் போக்குதல்

புது நிப் துருப்பிடிக்காமல் இருக்கத் தொழிற்சாலையில் எண்ணெய்ப்பூச்சு கொடுத்துத்தான் அனுப்புவார்கள். அது இருக்கும்வரை பெயின்ட் நிப்பில் பரவாது, முத்து முத்தாகத் திரண்டு நிற்கும், அப்புறம் மொத்தமாகத் தாளில் விழும்.

விரலில் கொஞ்சம் பாத்திரம் கழுவும் திரவம், இரண்டு பக்கமும் தேய்த்துக் கழுவித் துணியில் உடனே துடைத்துவிடுங்கள். பற்பசையும் சரி. உருளைக்கிழங்கில் குத்தி வைப்பவர்களும் தீக்குச்சியில் காட்டுபவர்களும் உண்டு. தீயை நான் சிபாரிசு செய்வதில்லை, ஒரு விநாடி கூடினால் எஃகின் விறைப்பு போய்விடும்.

சோதனை எளிது: நிப்பைத் தண்ணீரில் முக்கி எடுங்கள். தண்ணீர் சீரான படலமாக நின்றால் சரி. சொட்டாகப் பிரிந்தால் இன்னொரு தடவை கழுவுங்கள்.

5. அதே நேரத்தில்: கோடு போடுதல்

கறுப்புத் தாளில் சாதா பென்சில் கோடு மங்கலாகத்தான் தெரியும், ஆனால் வெளிச்சத்தில் சாம்பல் நிறமாக மின்னித் தங்கத்தோடு போட்டி போடும். வெள்ளைப் பென்சிலோ தையல்காரர் துணியில் குறிக்கும் சாக் பென்சிலோ எடுங்கள். மெழுகுத்தன்மை உள்ள வெள்ளைக் கலர் பென்சில் வேண்டாம். அது அழியாது, அதன் மேல் பெயின்டும் ஒட்டாது. தாளின் ஓரத்தில் ஒரு கோடு போட்டு அழித்துப் பார்த்துவிட்டுத் தொடங்குங்கள். அழுத்தவே கூடாது, பள்ளம் விழுந்தால் நிப் அதில் இறங்கும்.

கீழே விளக்கு வைத்துக் கோட்டை ஊடுருவிப் பார்க்கும் பெட்டி அடர் நிறக் கவருக்கு உதவாது. நிறைய கவர் எழுதுபவர்கள் சுவரில் மட்டம் பார்க்கும் லேசர் விளக்கை மேஜையில் வைத்து அதன் கோட்டில் எழுதுவார்கள். 10 கவருக்காக அதை வாங்காதீர்கள்.

எழுத்தின் உயரத்தை 7 மில்லிமீட்டருக்குக் கீழே இறக்காதீர்கள். காரணம் 9-ஆம் பகுதியில்.

6. பதம் பார்த்தல்

இப்போது கேக் ஊறியிருக்கும். பிரஷால் வட்டமாகத் தேய்த்து, இளகியதைப் பீங்கான் தட்டுக்கு மாற்றுங்கள். கேக்கிலேயே கலக்கி எழுதுபவர்களும் உண்டு. தட்டுக்கு மாற்றினால் தண்ணீரின் அளவு உங்கள் கையில் இருக்கும். கேக்கிலேயே என்றால் ஒவ்வொரு முறை பிரஷ் தொடும்போதும் பதம் மாறும்.

பதத்தைச் சமையலறைக் கணக்கில் சொல்கிறேன். தோசை மாவு மாதிரி இருந்தால் நிப்பை விட்டு இறங்காது. தேங்காய்ப்பாலில் இரண்டாம் பால் மாதிரி இருந்தால் ஓடிவிடும். முதல் பால் மாதிரி இருக்க வேண்டும்: பிரஷைத் தூக்கினால் சொட்டாக விழ வேண்டும், ஆனால் விழ ஒரு கணம் யோசிக்க வேண்டும்.

தண்ணீர் சேர்க்கும்போது ஒரு சொட்டுக்கு மேல் ஒரே நேரத்தில் விடாதீர்கள். நீர்த்துப்போனதைத் திரும்பக் கெட்டியாக்க மறுபடி கேக்கைத் தேய்க்க வேண்டும், இல்லை காயும்வரை காத்திருக்க வேண்டும். கெட்டியானதை இளக்க ஒரு சொட்டு போதும். எப்போதும் கெட்டிப் பக்கத்திலிருந்தே வாருங்கள்.

பிறகு மிச்சத் தாளில் மூன்று கோடு இழுங்கள். கோடு நடுவில் அறுந்து அறுந்து வந்தால் இன்னும் கெட்டி. கோடு இழுத்த இடத்தைவிட அகலமாகப் பரவினால், அல்லது காய்ந்தபின் ஓரத்தில் மட்டும் மினுக்கு ஒதுங்கி நடுவில் தாள் தெரிந்தால், தண்ணீர் அதிகம். காயாமல் முடிவெடுக்காதீர்கள். ஈரத்தில் எல்லாமே அழகாகத்தான் தெரியும்.

அதிகத் தண்ணீரால் இன்னொரு கெடுதல் உண்டு, அது உடனே தெரியாது. தண்ணீர் கூடினால் பிசினின் பங்கு குறையும், செதில்களைத் தாளோடு பிடித்துவைக்க ஆள் இருக்காது. நான் முதன்முதலில் ஒரு கல்யாணத்துக்கு 60 கவர் எழுதியபோது, கை வேகமாக ஓடட்டும் என்று தாராளமாகத் தண்ணீர் விட்டேன். எழுத்து பளிச்சென்று வந்தது. கட்டிக் கொடுத்த கவர்களைப் பெண் வீட்டில் பிரித்தபோது எழுத்தில் பாதி மேல் கவரின் முதுகில் இருந்தது. அத்தனையையும் திரும்ப எழுதிக் கொடுத்தேன்.

ஆகவே, தாள் நன்றாக உறிஞ்சும் ரகம் என்றால் தட்டில் உள்ள பெயின்டோடு ஒரு சொட்டு கம் அராபிக் திரவம் சேர்த்துக்கொள்ளுங்கள். ஓவியப் பொருள் கடையில் சின்ன பாட்டிலில் கிடைக்கும். ஒரு டீஸ்பூன் பெயின்டுக்கு ஒரு சொட்டு, மிஞ்சினால் இரண்டு. அதற்கு மேல் போனால் எழுத்து காய்ந்தும் பிசுபிசுக்கும், மினுக்கு மங்கும், அட்டையை வளைத்தால் விரிசல் விடும்.

7. நிப்பில் ஏற்றுதல்

பாட்டிலில் இங்க்கைத் தொடுவது மாதிரி நிப்பைப் பெயின்டில் முக்காதீர்கள். எவ்வளவு ஏறியது என்று தெரியாது. அடியில் தங்கிய செதில்களை ஒரு தடவை, மேலே நிற்கும் தண்ணீரை ஒரு தடவை என்று எடுப்பீர்கள். ஒரே சொல்லில் முதல் எழுத்து தங்கம், நான்காவது எழுத்து தண்ணீர் என்று வருவது இதனால்தான்.

பிரஷால் பெயின்டை ஒருமுறை நன்றாகக் கலக்குங்கள். பிறகு நிப்பின் அடிப்பக்கக் குழியில் பிரஷை வைத்து வழித்துவிடுங்கள். நிப்பின் நடுவில் உள்ள துளை மூடும் அளவு இருந்தால் போதும். துளையைத் தாண்டி ஹோல்டர் (நிப்பைச் செருகும் கைப்பிடி) வரை ஏற்றினால் முதல் அழுத்தத்திலேயே கொட்டும்.

ஒவ்வொரு முறை ஏற்றுவதற்கு முன்பும் கலக்க வேண்டும். இதைத்தான் எல்லோரும் மறப்பார்கள். எனக்கே இரண்டாவது கவரில் நினைவிருக்கும், இருபதாவது கவரில் மறந்துவிடும்.

8. எழுதும்போது

மின்விசிறியை நிறுத்துங்கள், அல்லது காற்று நேரே படாத மூலைக்கு மேஜையை நகர்த்துங்கள். சித்திரை வெயிலில் இது கொடுமையான அறிவுரைதான். ஆனால் விசிறிக் காற்றில் நிப் முனையில் உள்ள பெயின்ட் சில விநாடிகளில் காய்ந்துவிடும், தட்டில் இருப்பதும் கெட்டியாகிக்கொண்டே வரும். 15 நிமிடத்துக்கு முன் பார்த்த பதம் இப்போது இல்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். கோடு அறுந்தால் தட்டில் ஒரு சொட்டு விட்டுக் கலக்குங்கள்.

நிப் தாளைத் தொட்டும் எதுவும் இறங்கவில்லையென்றால் அழுத்தாதீர்கள். அழுத்தினால் பிளவு விரிந்து, இறங்காமல் இருந்ததெல்லாம் சேர்ந்து இறங்கும். நிப் முனையை ஈரத்துணியில் லேசாகத் தொட்டெடுங்கள். முனையில் காய்ந்த பிசின் இளகி ஓட்டம் தொடங்கும்.

4 அல்லது 5 எழுத்துக்கு ஒருமுறை பெயின்ட் ஏற்ற வேண்டியிருக்கும். 2 வரிக்கு ஒருமுறை நிப்பைத் தண்ணீரில் கழுவித் துடையுங்கள். இங்க்கில் பழகியவர்களுக்கு இது எரிச்சலாக இருக்கும். வேகத்துக்கு இந்தப் பெயின்ட் ஒத்துவராது.

மேஜை சமமாக இருக்கட்டும். சாய்வுப் பலகையில் எழுதினால் ஈரப் பெயின்ட் எழுத்தின் அடிப்பகுதிக்கு வடிந்து, மேலே வெளிறிக் கீழே திரண்டு நிற்கும். விளக்கை இடப்பக்கம் (இடக்கையர் என்றால் வலப்பக்கம்) சற்றுத் தள்ளி வையுங்கள். நேர் மேலே இருந்தால் கண்ணுக்கு மினுக்கு மட்டும்தான் தெரியும், எழுத்தின் உருவம் தெரியாது.

9. தமிழ் எழுத்துக்கென்று சில

ஆங்கில எழுத்துப் பயிற்சியை அப்படியே தமிழுக்குக் கொண்டுவந்தால் முதலில் அடைபடுவது சுழிகள். ண, ன, ஞ, ழ, இ, ணை, லை போன்றவற்றின் உள்வட்டம் சின்னது. இங்க் தாளுக்குள் இறங்கிவிடும். இந்தப் பெயின்ட் மேடாக உட்காரும், பக்கத்துக் கோட்டோடு சேர்ந்துகொள்ளும். 7 மில்லிமீட்டருக்கு மேல் எழுதச் சொன்னது இதற்குத்தான். ‘கண்ணன்’ என்று 4 மில்லிமீட்டரில் எழுதிப் பாருங்கள், நான்கு தங்கப் பொட்டுகள் கிடைக்கும்.

ஈரக்கோட்டை இன்னொரு கோடு தொட்டால் பழைய கோடு புதியதன் பெயின்டையும் இழுத்துக்கொள்ளும். ணகரத்தில் இரண்டாவது சுழி முதல் சுழியைத் தொடும் இடத்தில் கட்டி விழுவது இப்படித்தான். அந்த இடத்தில் மயிரிழை இடைவெளி விட்டு எழுதுங்கள். காயும்போது கண்ணுக்கு இடைவெளி தெரியாது. இல்லையென்றால் சில விநாடி பொறுத்துத் தொடருங்கள்.

அழுத்தம் கீழ்நோக்கி வரும் கோட்டில் மட்டும். பகரத்தின் இடக்கோடு தடிமன், அடிக்கோடு மெல்லியது, ஏறும் வலக்கோடு அதைவிட மெல்லியது. பால்பாயின்ட் பேனாவில் நாம் எல்லாத் திசையிலும் ஒரே மாதிரி தள்ளி எழுதிப் பழகியிருக்கிறோம். கூர் நிப்பை அழுத்தியபடி மேலே தள்ளினால் தாளைக் குத்தும். ஏறும் கோடு சரியாக வரவில்லை என்றால் நிப்பைத் தூக்கி மேலிருந்து கீழே இழுத்துச் சேர்த்துவிடுங்கள், யாரும் கண்டுபிடிக்க மாட்டார்கள்.

புள்ளிதான் அதிகம் கெடும். பெயின்ட் ஏற்றிய கையோடு புள்ளி வைத்தால் மிளகு அளவுக்கு விழும். சொல்லை முழுதும் எழுதிவிட்டு, நிப்பில் பாதி தீர்ந்த நிலையில் கடைசியில் வையுங்கள். இகர, ஈகாரக் கொக்கிக்குப் பக்கத்தில் புள்ளி வந்தால் கொக்கி காய்ந்த பிறகு வையுங்கள்.

கறுப்புத் தாளில் தவறு செய்துவிட்டால் திருத்த வழி ஏறக்குறைய இல்லை. ஈரப் பிரஷால் துடைத்தாலும் மினுக்குத் தேமலாக நிற்கும். 50 கவர் எழுத வேண்டுமென்றால் 60 வாங்குங்கள்.

இரண்டு நிறம் வேண்டுமென்றால், முதல் எழுத்துகளைத் தங்கத்தில் எழுதி, அடுத்த தடவை ஏற்றும்போது நிப்பைக் கழுவாமல் செம்பை ஏற்றுங்கள். ஒரு நிறம் இன்னொன்றாக மெல்ல மாறும். எனக்குப் பிடித்த விளையாட்டு இது. தட்டில் இரண்டையும் தனித்தனியாக வைத்திருந்தால் போதும்.

10. காயவைத்தல், அழித்தல், அடுக்குதல்

தொட்டால் ஒட்டாத அளவுக்கு 15, 20 நிமிடத்தில் காய்ந்துவிடும். அது மேல்காய்ச்சல்தான். அழுத்தித் தடிமனாக எழுதிய இடங்களில் உள்ளே ஈரம் இருக்கும். கோட்டை அழிப்பதை மறுநாளைக்கு ஒத்திவையுங்கள். அதிலும் ரப்பரால் எழுத்தின் மேல் தேய்க்காமல், பிசைந்து உருட்டும் வகை ரப்பரால் ஒற்றி எடுங்கள்.

மறுநாள் விரலால் ஓரத்து எழுத்தை லேசாகத் தேய்த்துப் பாருங்கள். ஒன்றிரண்டு மினுக்குப் பொடி வருவது இயல்பு. எழுத்தே மங்கினால் பதம் தவறியிருக்கிறது, மிச்சக் கவர்களுக்குப் பிசின் சேருங்கள்.

மினுக்கு உதிராமல் இருக்க மேலே தெளிக்கும் ஃபிக்ஸட்டிவ் ஸ்ப்ரே கொஞ்சம் உதவும், கூடவே பளபளப்பையும் கொஞ்சம் தின்னும். மிச்ச அட்டையில் பாதிக்கு மட்டும் தெளித்து, காய்ந்தபின் இரண்டு பாதியையும் ஒப்பிட்டுப் பாருங்கள். எனக்கு வேலையைப் பொறுத்து முடிவு மாறும்: கையில் கொடுக்கும் அட்டைக்கு வேண்டாம், பல கை மாறும் கவருக்குத் தெளிக்கிறேன்.

அடுக்கும்போது ஒவ்வொரு கவருக்கும் நடுவில் பட்டர் பேப்பர் வையுங்கள். தபாலில் போகும் கவர் என்றால் இன்னொரு உறைக்குள் போட்டு அனுப்புங்கள். இந்தப் பெயின்ட் காய்ந்த பிறகும் தண்ணீர் பட்டால் கரையும். ஒரு தூறல் போதும், முகவரி தபால்காரருக்கும் தெரியாது, உங்களுக்கும் தெரியாது.

படம் எடுப்பதென்றால் ஸ்கேனரில் வைக்காதீர்கள், தங்கம் சேற்று நிறமாக வரும். ஜன்னல் பக்கம் அட்டையைச் சாய்த்துப் பிடித்து, மினுக்கு எழும் கோணத்தில் செல்ஃபோனில் எடுங்கள்.

11. கழுவி வைத்தல்

நிப்பை ஹோல்டரிலிருந்து கழற்றிக் கழுவுங்கள். ஹோல்டருக்குள் நுழைந்த தண்ணீர்தான் நிப்பைத் துருவாக்கும். பிளவில் மினுக்கு சிக்கியிருந்தால் பழைய பல் துலக்கும் பிரஷால் அடிப்பக்கத்திலிருந்து முனை நோக்கித் தேய்த்துத் துடையுங்கள்.

தட்டில் மிஞ்சிய பெயின்டைக் கொட்டாதீர்கள். அப்படியே காயவிட்டு, அடுத்த தடவை இரண்டு சொட்டு விட்டால் திரும்ப உயிர் பெறும். பிசின் கலந்ததைக் கேக்கின் மேல் திருப்பி ஊற்றவும் வேண்டாம். அடுத்த முறை பதம் கணக்கில் வராது.

கேக்கை ஈரத்தோடு மூடாதீர்கள். கம் அராபிக் மரப் பிசின்தானே, மழைக்காலத்தில் இரண்டே நாளில் பூஞ்சை பிடிக்கும். டப்பாவை ஓர் இரவு திறந்தே வைத்துவிட்டுக் காலையில் மூடுங்கள். பூனை இருக்கும் வீடென்றால் அலமாரிக்குள் வையுங்கள்.